தேரைக்குப் பழி, பிள்ளைக்குப் பசி

தேங்காயை உடைக்கிறோம். உள்ளே பருப்பு இல்லை, வெறும் ஓடு. "தேரை மோந்துட்டுது" என்று சொல்லித் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த காயை எடுக்கிறோம். கைப்பிள்ளை நாளுக்கு நாள் இளைக்கிறது. கை கால் சூம்பி, தோல் சுருங்கி, வயிறு மட்டும் முன்தள்ளி நிற்கிறது. "தேரை விழுந்துடுச்சு" என்று சொல்லி மந்திரிக்க ஆள் தேடுகிறோம். பாறையைப் பிளக்கிற இடத்தில் ஒரு தேரை குதித்து ஓடினால், அது கல்லுக்குள்ளேயே பிறந்து கல்லுக்குள்ளேயே வளர்ந்தது என்று நம்புகிறோம்.

திண்டிவனம், மயிலம், வானூர் பக்கத்து ஊர்களில் மட்டும் புழங்கும் பேச்சல்ல இது. தமிழ்நாடு முழுக்கச் சொல்கிறார்கள்; படித்தவர்களும் சொல்கிறார்கள். கிராமத்து நம்பிக்கைதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைப்பவர்களும் உண்டு. அப்படி விட்டுவிட முடியாது என்பதே என் வாதம். முதல் நம்பிக்கை தோப்புக்காரரின் வருமானத்தைத் தின்கிறது. இரண்டாவது பிள்ளையின் உயிரோடு விளையாடுகிறது. மூன்றும் சேர்ந்து ஒரு நல்ல உயிரினத்தைக் கண்ட இடத்தில் அடித்துக் கொல்லும் பழக்கத்தை வளர்த்துவிட்டிருக்கின்றன.

முதலில் குற்றம் சாட்டப்பட்டது யார் என்று பார்ப்போம். தரையில் தத்தித் திரியும் சொறித்தவளையைப் பற்றி இங்கே பேசவில்லை. தென்னை மட்டை இடுக்கிலும் குளியலறைச் சுவரிலும் தண்ணீர்த் தொட்டி மூடியின் அடியிலும் ஒட்டிக்கொண்டிருக்குமே, விரல் நுனி உருண்டு பருத்த, மெலிந்த உடம்புத் தேரை, அதுதான். மரத்தவளைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அறிவியலில் 'பாலிபெடடஸ் மாக்குலேட்டஸ்' என்று பெயர். 1830இல் ஜான் எட்வர்ட் கிரே என்ற ஆங்கிலேயர் இதை முறைப்படி விவரித்தார். தொடையின் பின்புறத்தைப் பார்த்தால் கரும்பழுப்புப் பின்னலுக்கு நடுவே மஞ்சள் பொட்டுகள் தெரியும். அடையாளம் காண அது உதவும்.

மழைக்காட்டில் வாழ்கிற மரத்தவளைக்கு ஈரம் சும்மா கிடைக்கிறது. வானூர் வட்டத்திலுள்ள திருவக்கரையில் அப்படியில்லை. செம்மண்ணும் மணற்பாறையும் முள்மரமும் உள்ள காய்ந்த பூமி. சித்திரை வைகாசியில் பாறை கொதிக்கும். வடகிழக்குப் பருவமழை வந்தால் வந்ததுதான். 2024இல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியது, அதே பகுதியில் மாதக்கணக்கில் ஒரு தூறலும் இல்லாத காலமும் உண்டு. தவளையின் தோலோ தண்ணீரை உள்ளேயும் வெளியேயும் விடுகிற தோல். காய்ந்தால் சாவுதான். அப்படியானால் தேரை இங்கே எப்படிப் பிழைக்கிறது?

இதற்கான விடையில் ஒரு பகுதி 1997இல் வெளியான ஆய்வுகளில் கிடைத்தது. அமெரிக்க உயிரியலாளர் ஹார்வி லில்லிவைட் இந்திய ஆய்வாளர்களோடு சேர்ந்து இதே தேரையை ஆராய்ந்தார். அதன் தோல் சுரப்பிகளிலிருந்து கொழுப்பும் கோழையும் கலந்த ஒரு பூச்சு வருகிறது. தேரை தன் கைகளாலும் கால்களாலும் அதை முதுகு, தலை, விலா என்று உடம்பு முழுக்கத் தடவிக்கொள்கிறது. அந்தப் பூச்சு தோலிலிருந்து ஈரம் ஆவியாவதைக் குறைக்கிறது. பிறகு கைகால்களை உடம்போடு ஒடுக்கி, தாடையையும் வயிற்றையும் சுவரோடு அழுத்தி, நிறத்தை வெளுப்பாக்கிக்கொண்டு பகல் முழுக்க அசையாமல் உட்கார்ந்துவிடும். அசையாமல் கிடக்கிறதே, ஏதோ கெட்ட சகுனம் என்று விளக்குமாற்றால் தட்டுகிறோமே, அந்த நேரத்தில் அது செய்துகொண்டிருப்பது உடம்பிலுள்ள தண்ணீரைக் காப்பாற்றும் வேலை.

விரல் நுனியையும் சொல்ல வேண்டும். அதில் பசை இல்லை. நுண்ணோக்கியில் பார்த்தால் ஆறுகோண வடிவச் செல்கள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். நடுவே மெல்லிய வாய்க்கால்கள். அவற்றில் ஈரம் ஓடும். விரலுக்கும் சுவருக்கும் இடையில் படரும் அந்த மெல்லிய நீர்ப்படலமே தேரையைக் கண்ணாடியில்கூட நிற்க வைக்கிறது.

இனி பழிகளுக்கு வருவோம்.

தேரை மோந்தால் தேங்காய் கெடும் என்கிறார்கள். எப்படிக் கெடும்? காயைச் சுற்றிக் கனத்த நார்மட்டை, அதற்குள் கொத்தினால்தான் உடையும் ஓடு. தேரைக்குத் துளைக்கிற பல் கிடையாது. இரை நழுவாமல் பிடிக்க மேல்தாடையில் நுண்ணிய பற்கள் மட்டும் உண்டு. வளர்ந்த தேரை தின்பது பூச்சியை. தேங்காயில் அதற்கு எந்த வேலையும் இல்லை.

உண்மைக் காரணத்தை வேளாண்மைத் துறை வெகுகாலமாகச் சொல்லிவருகிறது. பருப்புப் பிடிக்காத காய்க்கு 'ஒல்லிக்காய்' என்று பெயர். மகரந்தச் சேர்க்கை சரியாக நடக்காததும், மண்ணில் சாம்பல் சத்தும் போரானும் குறைவதும் காரணங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை இது: வழக்கமான உரத்தோடு மரத்துக்கு ஆண்டுக்கு 2 கிலோ பொட்டாஷும் 200 கிராம் போராக்ஸும் கூடுதலாக, தொடர்ந்து 3 ஆண்டுகள் வைக்க வேண்டும். தேரை மோந்துதான் காய் கெட்டது என்றால் வேரில் போடும் பொட்டாஷ் அதை எப்படிச் சரிசெய்யும்?

காய் சிறுத்து, மட்டையில் பழுப்புத் தழும்பும் நீள வெடிப்பும் விழுந்தால் அதற்குக் காரணம் வேறு. ஈரியோபைட் என்ற சிலந்திப்பேன், 1990களின் கடைசியில் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் தென்னந்தோப்புகளைச் சூறையாடியது. நீளம் ஏறக்குறைய 0.2 மி.மீ. மட்டும். இளங்காயின் காம்புத் தொப்பிக்கு அடியில் ஒளிந்து சாற்றை உறிஞ்சும். மரம் ஏறுகிறவர் கண்ணுக்கு அது தெரியாது. மட்டை இடுக்கின் ஈரத்துக்காகவும் அங்கே வரும் பூச்சிகளுக்காகவும் உட்கார்ந்திருக்கும் தேரை தெரியும். கண்ணில் பட்டது குற்றவாளி ஆயிற்று, படாதது தப்பித்துக்கொண்டது. தேரையை விரட்டிவிட்டோம் என்ற திருப்தியில் மண்ணைச் சோதிக்காமல் விட்ட தோப்புக்காரருக்கு அடுத்த ஆண்டும் ஒல்லிக்காய்தான்.

இரண்டாவது பழிதான் என்னைக் கோபப்பட வைக்கிறது. பிள்ளை இளைத்தால் தேரை தோஷம் என்கிறார்கள். கர்ப்பிணி மேல் தேரை விழுந்தது, குழந்தை மேல் குதித்தது, துணிமேல் ஏறியது என்று காரணம் கண்டுபிடிக்கிறார்கள். மந்திரித்துத் தண்ணீர் ஊற்றுகிறார்கள், கயிறு கட்டுகிறார்கள். இப்படியே ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம் போகிறது. ஒரு வயதுக் குழந்தையின் உடம்பில் அந்த ஒரு மாதம் எவ்வளவு பெரியது என்று குழந்தை மருத்துவரைக் கேட்டுப் பாருங்கள்.

கை கால் சூம்பி, கன்னம் ஒட்டி, பின்புறத் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் அந்த நிலைக்கு மருத்துவத்தில் 'மராஸ்மஸ்' என்று பெயர். போதிய உணவு இல்லாமை, ஆறு மாதத்துக்குப் பிறகும் தாய்ப்பாலோடு இணை உணவு தொடங்காமை, திரும்பத் திரும்ப வரும் வயிற்றுப்போக்கு ஆகியவை இதற்குக் காரணங்கள். சில பிள்ளைகளுக்குக் காசநோயோ பிறவி இதயக் கோளாறோ பின்னால் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை உண்டு. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே போனால் அது கடும் ஊட்டச்சத்துக் குறைவு, உயிருக்கு ஆபத்து. அளக்க ஒரு நாடா போதும்.

இது அங்கொன்றும் இங்கொன்றுமான சிக்கல் அல்ல. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், 14.6 விழுக்காட்டினர் உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள். சத்துணவுக்கும் அங்கன்வாடிக்கும் பெயர்பெற்ற மாநிலத்தின் நிலை இது. அரசு 2022 மே மாதம் 'ஊட்டச்சத்தை உறுதிசெய்' திட்டத்தைத் தொடங்கியதும் இதனால்தான். இத்தனை ஆயிரம் பிள்ளைகள் மேலும் தேரை விழுந்ததா? விழவில்லை. விழுந்தது பசி. அதை ஒப்புக்கொள்ளக் குடும்பத்துக்கு வெட்கமாக இருக்கலாம். தாயைக் குறை சொல்வார்களோ என்ற பயம் இருக்கலாம். தேரையைச் சொல்லிவிட்டால் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை. அந்த நிம்மதிக்கு விலையாகப் பிள்ளையின் உடம்பைக் கொடுக்கிறோம்.

"முன்னோர் கண்டு சொன்னது பொய்யாகுமா?" என்று கேட்பார்கள். முன்னோர் கண்டது பொய்யில்லை. இளைத்த பிள்ளையின் உருவம் தேரையை நினைவூட்டுகிறது என்பது சரியான பார்வை. தென்னங்குருத்தில் தேரை இருக்கிறது என்பதும் சரி. உருவம் ஒத்திருப்பதாலும் பக்கத்தில் இருப்பதாலும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடும் என்ற முடிவுதான் தவறு. சத்துக் குறைவை அளக்கிற நாடாவும் மண் பரிசோதனையும் அவர்களிடம் இல்லை. நம்மிடம் இருக்கின்றன. இருந்தும் அதே முடிவைச் சொல்லிக்கொண்டிருந்தால் அது முன்னோருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

மூன்றாவது, கல்லுக்குள் தேரை. கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் இறைவன் படி அளக்கிறான் என்று பெரியவர்கள் சொல்லும்போது அது இறையருளைப் பற்றிய பேச்சு. அந்த நம்பிக்கையோடு எனக்குச் சண்டையில்லை. அதை உயிரியல் உண்மையாக எடுத்துக்கொண்டு பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுப்பதைத்தான் மறுக்கிறேன்.

மறுக்கத் திருவக்கரையைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. வக்கிரகாளியைக் கும்பிடப் பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஆயிரக்கணக்கானோர் வருகிற ஊர். சந்திரமௌலீசுவரர் கோயிலுக்குச் சற்றுத் தொலைவில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பராமரிக்கும் தேசியக் கல்மரப் பூங்கா இருக்கிறது. 1781இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா இந்தக் கல்மரங்களைப் பற்றி எழுதினார். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆற்று வெள்ளம் அடித்துவந்த மரங்கள் இவை. கிளையும் இலையும் வேரும் வழியிலேயே போய்விட்டன. வந்து சேர்ந்தவை தண்டுகள். மணலுக்கடியில் புதைந்தபின், நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் ஒவ்வொரு செல்லிலும் புகுந்து இறுகியது. அதனால்தான் மரத்தின் நார் ஓட்டமும் கணுவும் கல்லில் அப்படியே நிற்கின்றன. செல்லளவு இடத்தையும் விடாமல் நிரம்பிய கல் இது. தேரைக்கு அங்கே இடமில்லை, காற்றில்லை, தண்ணீரில்லை, இரையில்லை.

இந்தக் கேள்வியைப் பேச்சோடு விடாமல் சோதித்தே பார்த்த ஒருவர் இருந்தார். ஐரோப்பாவில் இதே கதை சொறித்தவளையைப் பற்றிப் பரவியிருந்தது. ஆக்ஸ்ஃபோர்டு நிலவியலாளர் வில்லியம் பக்லேண்ட் 1825 நவம்பரில் 24 சொறித்தவளைகளைக் கல்லில் குடைந்த குழிகளில் வைத்து மூடித் தோட்டத்தில் புதைத்தார். 12 குழிகள் நுண்துளையுள்ள சுண்ணாம்புக் கல்லில். 12 குழிகள் இறுகிய மணற்கல்லில். 1826 டிசம்பரில் தோண்டினார். மணற்கல்லில் இருந்தவை அத்தனையும் செத்துக் கிடந்தன. சுண்ணாம்புக் கல்லில் பெரியவை சில உயிரோடிருந்தன. அவற்றை மறுபடி மூடி வைத்தார். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் அவையும் மடிந்தன. அந்தச் சோதனையைக் கொடுமை என்றே சொல்வேன். ஆனால் கேள்விக்கு அதோடு பதில் கிடைத்துவிட்டது.

பிறகு பாறை பிளக்கும்போது தேரை குதிப்பதேன்? பாறையில் விரல் நுழைகிற விரிசல் இருந்தால் தேரைக்கு அது வீடு. வெயிலுக்கு அதற்குள் ஒண்டியிருக்கும். உளி விழுந்த அதிர்ச்சியில் வெளியே பாயும். கல் பிளந்ததும் தேரை பாய்ந்ததும் ஒரே நொடியில் நடப்பதால் உள்ளிருந்து வந்ததாகத் தோன்றுகிறது. திருவக்கரையைச் சுற்றிக் கல் குவாரிகளும் கிரஷர்களும் பெருகிவிட்ட இந்நாளில், கல்லுக்குள் தேரை இருக்கும் என்று ஆச்சரியப்படுவதைவிட, பிளக்கப்படும் ஒவ்வொரு பாறை இடுக்கோடும் தேரையின் கோடைக்கால ஒதுங்கிடம் ஒன்று போகிறது என்று கவலைப்படுவதே நியாயம்.

வீட்டுக்குள் வந்தால் விஷம் என்றும் சொல்கிறார்கள். தேரை கடிக்காது, கொட்டாது. அதன் தோல் சுரப்பு கண்ணில் பட்டால் எரியும். தொட்டால் கையைக் கழுவினால் முடிந்தது. இதற்குப் போய் உப்பைக் கொட்டுகிறார்கள், மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள். அந்தத் தோலில் உப்பு பட்டால் உடம்பு நீர் வெளியேறித் துடித்துச் சாகும். ஒரு முறத்தாலோ துணியாலோ மெல்லத் தள்ளி வெளியே விட ஒரு நிமிடம் ஆகாது.

மழை பெய்த மறுநாள் காலை தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரிலோ குட்டையின் மேல் சாய்ந்த இலையிலோ ஒரு வெள்ளை நுரைத் திரளைப் பார்த்திருப்பீர்கள். சோப்பு நுரை என்று நினைத்துத் தேய்த்துக் கழுவிவிடுவார்கள். அது தேரையின் கூடு. பெண் தேரை ஒரு திரவத்தைச் சுரந்து பின்னங்கால்களால் அடித்து அடித்து நுரையாக்கி, அதற்குள் வெளிர் முட்டைகளை இடுகிறது. நுரையின் மேல்புறம் காய்ந்து பொருக்காகிவிடும். உள்ளே ஈரம் நிற்கும். தண்ணீரிலுள்ள மீனும் பூச்சியும் முட்டையை எட்டாது. சில நாட்களில் தலைப்பிரட்டைகள் நுரையிலிருந்து நழுவிக் கீழேயுள்ள தண்ணீரில் விழும். கீழே தண்ணீர் இல்லாவிட்டால் அத்தனையும் போயிற்று.

அந்தத் தலைப்பிரட்டைகளால் நமக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இலங்கையிலிருந்து ஒரு பதில் உண்டு. பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், நம் தேரையின் நெருங்கிய உறவான பாலிபெடடஸ் க்ரூசிஜர் உள்ளிட்ட தவளையினங்களின் தலைப்பிரட்டைகள், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டைகளைத் தின்றன. தவளை போனால் என்னாகும் என்பதற்கு மத்திய அமெரிக்கா சாட்சி. கோஸ்டா ரிகாவிலும் பனாமாவிலும் ஒரு பூஞ்சை நோய் தவளைகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. அதையடுத்த ஆண்டுகளில் அங்கே மலேரியா கூடியது. உச்சத்தில் 1,000 பேருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒருவர் கூடுதலாக நோயுற்றார் என்று 2022இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

கடைசியாக, இயற்கை ஆர்வலர்கள் சிலரே சொல்லும் ஒரு வாதத்தையும் மறுக்க வேண்டும். தவளைப் பாதுகாப்பு என்றாலே மேற்குத் தொடர்ச்சி மலை. 2003இல் உலகுக்கு அறிமுகமான ஊதாத் தவளை, மலபார் பறக்கும் தவளை போன்ற மலைவாழ் இனங்கள். சமவெளித் தேரை எங்கும் கிடைக்கிறது, பன்னாட்டுப் பட்டியலிலும் அழிவு அபாயம் இல்லாத இனமாகவே இருக்கிறது. அதைப் பற்றி என்ன கவலை என்கிறார்கள். இதே பேச்சைப் பிணந்தின்னிக் கழுகைப் பற்றியும் பேசியிருப்போம். 1980களில் இந்திய வானத்தில் கோடிக்கணக்கில் பறந்தவை அவை. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்தால் வெண்முதுகுக் கழுகு 99 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்த பிறகே, 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தோம். ஏராளமாக இருப்பது பாதுகாப்பு ஆகாது. உலகின் நீர்நில வாழ்விகளில் ஐந்தில் இரண்டு பங்கு அழியும் அபாயத்தில் உள்ளதாக 2023இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு சொல்கிறது.

இதே வட்டாரத்தின் கழுவெளி ஏரியை 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது நல்ல செயல். ஆனால் தேரை பெரிய ஏரியை நம்பி வாழ்வதில்லை. மீன் இல்லாத சின்னக் குட்டை, மாட்டுத் தொட்டி, பாறைக்குழியில் தேங்கிய மழைநீர், அதன் மேல் சாய்ந்த ஒரு கிளை ஆகியவை போதும் அதற்கு. அந்தச் சின்னக் குட்டைகளைத்தான் நாம் குப்பை கொட்டித் தூர்க்கிறோம், மனையாக்கி விற்கிறோம். சரணாலயப் பலகை வைக்க முடியாத இந்த இடங்களை ஊராட்சியும் ஊர்மக்களும்தான் காக்க முடியும்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். காய் ஒல்லியானால் திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போங்கள், மண்ணைச் சோதியுங்கள். பிள்ளை இளைத்தால் அன்றே அங்கன்வாடியில் எடை பார்த்து, கையை அளந்து, தேவைப்பட்டால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். கயிறு கட்ட வேண்டுமென்றால் சிகிச்சை தொடங்கிய பிறகு கட்டிக்கொள்ளுங்கள். தொட்டிச் சுவரில் நுரைக்கூடு இருந்தால் ஒரு வாரம் அதைத் தொடாதீர்கள். மாமியாரோ பாட்டியோ பக்கத்து வீட்டு அக்காவோ "தேரை விழுந்துடுச்சு" என்று சொன்னால், மரியாதையோடு, ஆனால் உறுதியாக, இல்லை என்று சொல்லுங்கள். தேரை எந்தக் குற்றமும் செய்யவில்லை.